பார்பரா ஜோர்டன் நூலுக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின அரசியல்வாதி பார்பரா ஜோர்டனின் வாழ்க்கை வரலாறு அச்சகத்துக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பதால், உள்ளே யார் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பதை எல்லோரும் அறியச் சொல்ல வேண்டும்.

முதலில் வழக்கறிஞர் அண்ணனுக்கு. 1962இலும் 1964இலும் டெக்சஸ் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டு ஜோர்டன் தோற்றார். அப்போது ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) முழுவதும் ஒரே தொகுதியாகச் சேர்ந்தே வாக்களித்தது; ஹூஸ்டனின் கறுப்பினக் குடியிருப்புகள் அள்ளிக் கொடுத்த வாக்குகள் அந்தப் பெருங்கூட்டத்தில் கரைந்துபோயின. தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. 1966இல் அதே பெண் மாநில செனட்டராகத் தேர்வானார். 1883க்குப் பிறகு டெக்சஸ் செனட் அவையில் நுழைந்த முதல் கறுப்பினத்தவர்; அங்கே நுழைந்த முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. 'விடாமுயற்சியால் வென்றார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அண்ணன் வரைபடத்தை விரித்து வைத்து, பழைய எல்லையையும் புதிய எல்லையையும் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த அத்தியாயம் முழுக்க அவர் கொடுத்தது.

ஹூஸ்டனில் வாழும் தோழி வேலைக்கு விடுப்பு எடுத்து, ஜோர்டனின் ஆவணங்கள் இருக்கும் டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் குறிப்பெடுத்து அனுப்பினார். ஜோர்டன் படித்ததும், தாமஸ் ஃப்ரீமனிடம் சொற்போர் பழகியதும் அங்கேதான். சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பியவர் பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கி வழக்குகளை ஏற்றார் என்பதை எழுதும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் பொங்கும்.

மெய்ப்புப் பார்த்த அக்காவுக்கு என்ன சொல்வது! 1972 ஜூன் 10 அன்று ஜோர்டன், மரபாகத் தரப்படும் கௌரவப் பொறுப்பான டெக்சஸின் 'ஒருநாள் ஆளுநர்' பொறுப்பை ஏற்றார். விழாவுக்கு வந்திருந்த தந்தை பெஞ்சமின் அங்கேயே நோயுற்று மறுநாள் இறந்தார். அந்தப் பக்கத்தில் இருந்த அடைமொழிகளை எல்லாம் அக்கா சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'நடந்தது போதும்' என்று எழுதியிருந்தார். நூலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இப்போது அதுதான்.

படிகள் வந்தவுடன் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன். வீடு மாறியவர்கள் புதிய முகவரியைத் தெரிவியுங்கள்.

நன்றியுடன்,
நூலாசிரியர்