இந்த வாரம் ஒரு விளக்கு எரிய வைப்போம்

பெற்றோருக்கு வணக்கம். செல்போனைப் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். கைக்கு வேறு வேலை கிடைத்தால் பிள்ளைகளே கீழே வைத்துவிடுவார்கள்.

1.5 வோல்ட் பேட்டரி இரண்டு, கொஞ்சம் வயர், ஒரு வெள்ளை எல்இடி (இரண்டு கம்பிக் கால்கள் உள்ள குட்டி விளக்கு) எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிகளை வரிசையாக, ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸைத் தொடும்படி இணைத்து, எல்இடியின் நீளக் காலைப் பிளஸ் முனையில் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் எரியாது. உடனே சொல்லிவிடாதீர்கள்! திருப்பிப் பார்க்கலாமே என்று அவர்களுக்கே தோன்றும்வரை பொறுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

வாட்ச்சில் போடும் வட்டமான பட்டன் பேட்டரி வேண்டவே வேண்டாம். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

அப்புறம், 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அவர்களுக்கு அட்டைப்பெட்டியே போதும்.

விளக்கு எரிந்ததும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். பிள்ளை கேட்ட கேள்வியையும் எழுதுங்கள்.