லைன் கிளியர் கிடைத்தவையும் அவுட்டரில் நின்றவையும்: எங்கள் நாகர்கோவில் ரயில் ஆர்வலர் சங்கத்தின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அண்ணாச்சிமாருக்கும், அக்காமாருக்கும், பின்வரிசையில் உட்கார்ந்து இப்போதே போனை நோண்டத் தொடங்கிவிட்ட தம்பிமாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டுவிட்டது என்று புகார் வந்தது. இந்த வருஷம் முடிந்தவரை பெட்டிகளைக் குறைத்திருக்கிறேன்.

மாதக் கூட்டம் 11 முறை நடந்தது. ஜூன் மாதக் கூட்டம் மழையில் போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மரச்சீனிக் கிழங்கும் கட்டன் சாயாவும் தயார் செய்து தந்த வீட்டாருக்கு நன்றி. கிழங்கு இல்லாத மாதங்களில் வருகைப் பதிவேடு மெலிந்திருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு தீர்மானம் போட்டோம். வாட்ஸ்அப்பில் வந்தது, யாரோ சொன்னது என்று எந்த ரயில் தகவலையும் இனி நேராகக் கூட்டத்தில் ஓடவிடக் கூடாது. பக்கத்து ஸ்டேஷனிடம் லைன் கிளியர், அதாவது பாதை காலி என்ற அனுமதி, வாங்காமல் வண்டியை அனுப்புவோமா? அதே நியாயம்தான். ஒரு நோட்டு போட்டோம். இடது பக்கம் கேள்விப்பட்டது, வலது பக்கம் தேடிப் பார்த்துக் கண்டது. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான நம் தலைவர் கையெழுத்துப் போட்டால் லைன் கிளியர். இல்லையென்றால் ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் நிற்க வேண்டியதுதான்.

முதல் மாதமே அவுட்டரில் நின்றது ரோமாபுரிக் குதிரை. உலகத்தில் பாதிக்கு மேல் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி எட்டரை அங்குலமாக, அதாவது 1435 மில்லிமீட்டராக இருப்பதற்கு ரோமானியத் தேர்க் குதிரைகளின் பின்புற அகலம்தான் காரணம் என்ற கதை. எல்லார் போனிலும் ஒரு தடவையாவது வந்திருக்கும். இங்கிலாந்தின் வடகிழக்கு நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரை இழுத்த வண்டிப் பாதைகளில் ஏறக்குறைய அந்த அளவு புழக்கத்தில் இருந்தது. ஆரம்பகால ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் அங்கே வேலை பார்த்தவர். பழகிய 4 அடி 8 அங்குலத்தையே எடுத்துக்கொண்டார். லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையில் சக்கரம் இறுக்கமில்லாமல் ஓட அரை அங்குலம் கூடியது. ஆக, குதிரை வந்தது உண்மை, ரோமாபுரிதான் வரவில்லை. அப்படியே ரோமாபுரி என்று வைத்துக்கொண்டாலும், நம்மூர் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டருக்கு எந்தக் குதிரையைக் காட்டுவது என்று தலைவர் கேட்டார். கதையைக் கொண்டுவந்த தம்பி அன்றைக்கு இரண்டாவது சாயா குடிக்கவில்லை.

‘இந்தியாவின் முதல் ரயில்’ பெரிய சண்டையாகிவிட்டது. 1853 ஏப்ரல் 16, பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணே, 34 கிலோமீட்டர், 14 பெட்டிகள், சாகிப், சிந்து, சுல்தான் என்று மூன்று இன்ஜின்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதற்கு 16 வருஷம் முன்பே, 1837இல், சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் கல்லை ஏற்றி ஒரு ரயில் பாதை ஓடியிருக்கிறது. அதனால் ‘முதல் பயணிகள் ரயில்’ என்று எழுதினால்தான் லைன் கிளியர் என்று முடிவானது. தெற்கே முதல் பயணிகள் வண்டி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூரில் இறங்கித் துணிக்கடைக்கு ஓடாமல் ஒரு எட்டு அங்கேயும் போய்ப் பார்க்கலாம்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை சாயங்காலம் சிறப்புக் கூட்டம். ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையில் ஸ்டீபன்சன் ‘லோகோமோஷன்’ இன்ஜினை ஓட்டி அன்றோடு 200 வருஷம். புரொஜெக்டர் பாதியில் நின்றுவிட்டதால் மீதியைத் தலைவர் வாயாலேயே ஓட்டினார். படத்தைவிட அதுவே நன்றாக இருந்தது. நீராவி ரயில் இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ஸ்டீபன்சன் என்று அன்றைக்கு வரவேற்புரையில் சொல்லப்பட்டதை இந்த அறிக்கையில் திருத்திக்கொள்கிறேன். அதற்கு 21 வருஷம் முன்பே, 1804 பிப்ரவரி 21 அன்று, வேல்ஸில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் இன்ஜின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடிவிட்டது. ஓடியது, ஆனால் அந்தக் காலத்து வார்ப்பிரும்புத் தண்டவாளம் அதன் எடை தாங்காமல் உடைந்தது. இன்ஜின் தயாராகிவிட்டது, பாதைதான் தயாராகவில்லை. வரவேற்புரை வாசித்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான்.

என் கணக்கில் இன்னொரு தவறும் உண்டு. ஒரு பள்ளியில் நாம் நடத்திய வினாடி வினாவில், உலகின் நீளமான ரயில்வே பிளாட்பாரம் எது என்று கேட்டேன். கையிலிருந்த தாளில் கோரக்பூர் என்று எழுதியிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “சார், அது ஹூப்ளி” என்றாள். நான் தலையாட்டி மறுத்து, மதிப்பெண்ணை அடுத்த அணிக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. ஒரு காலத்தில் கரக்பூர், பிறகு 1,366 மீட்டரோடு கோரக்பூர், 2023 மார்ச் முதல் 1,507 மீட்டரோடு ஹூப்ளி. மறுநாள் பள்ளிக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, பரிசையும் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய குறிப்புகளை வைத்துக் கேள்வி தயாரிப்பவர்கள் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை முதல் நாள் நடந்த சோதனையைச் சொல்லாமல் விட முடியாது. நாடு முழுக்க ஒரே நேரம் வருவதற்கு முன்பு ரயில்வேக்கு ‘மதராஸ் நேரம்’தான் கணக்கு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட நேரம் என்பது அதற்கு வசதி. 1906 ஜனவரி 1 முதல்தான் இன்றைய இந்திய நேரம். மதராஸ் நேரம் அதற்கு 9 நிமிடம் பின்னால். அப்படியானால் நம்மூர்ச் சூரியனுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு தம்பி கேட்டான். இந்திய நேரம் கணக்காவது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையில். நாம் இருப்பது ஏறக்குறைய 77½ பாகையில். பாகைக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம் வித்தியாசம். கணக்குப் போட்டதோடு விடவில்லை. மொட்டை மாடியில் கம்பு நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நாட்களில் உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும், நிழல் கம்பின் காலடியிலேயே கிடக்கும். மேற்கே ஒட்டியிருந்த நிழல் கிழக்கே திரும்பிய நேரம், கைக்கடிகாரத்தில் 12.20. தலைவர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். கம்பைப் பிடித்திருந்தவனுக்கு இரண்டு நாள் தலைவலி.

மே மாதம் பாம்பன் போய்வந்தோம். புதுப் பாலம் ஏப்ரல் 6 அன்று திறந்தது. கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் துண்டு நேர் மேலே 17 மீட்டர் எழும்பும். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தில் இரண்டு இறக்கைகள் இரு பக்கமும் விரிந்து மேலே போகும், அதை ஆட்கள் நின்று கையால் லீவர் தள்ளித் திறக்க வேண்டும். வண்டி மெதுவாகப் போகும்போது பக்கத்திலேயே அந்தப் பழைய பாலம் தெரிந்தது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாலத்தை 46 நாளில் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரனின் குழு சரிசெய்து வண்டி ஓடவிட்ட கதையைத் தலைவர் சொல்லி முடிக்கும் முன்பே கரை வந்துவிட்டது. யாரும் இறங்க அவசரப்படவில்லை. திரும்பும் வழியில் ஒரு நிலையத்தில் படம் எடுத்ததற்காக நம் ஆட்களை நிறுத்திவைத்து, எடுத்த படங்களை எல்லாம் அழிக்கச் சொன்னார்கள். அழித்தோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நம் மாவட்டத்தைப் பற்றியும் நோட்டில் கொஞ்சம் சேர்ந்தது. நாகர்கோவில் ஜங்ஷனுக்கு என்.சி.ஜே. என்றால், கன்னியாகுமரி ஸ்டேஷனின் குறியீடு ‘கேப்’. வெள்ளைக்காரன் வைத்த கேப் கொமோரின் பெயர் போய் எத்தனையோ காலமாகிறது, டிக்கெட்டில் மட்டும் போகவில்லை. பெங்களூர் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் உள்ள ‘ஐலண்ட்’ நம் விவேகானந்தர் பாறை என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள். அது கொச்சியின் வெலிங்டன் தீவு. அந்த வண்டி முன்பு அங்கே போய் நின்றதால் வந்த பெயர். திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி இந்தியாவில் முதலிடம், சரி. உலகத்தில் முதலிடம் என்பதற்கு லைன் கிளியர் இல்லை. மாஸ்கோ - விளாதிவஸ்தோக் 9,289 கிலோமீட்டர்.

எல்லாவற்றையும்விட நேரம் எடுத்தது மீட்டர்கேஜ் தகராறு. நம்முடைய மூத்த அண்ணாச்சி ஒருவர், எண்பதுகளில் நாகர்கோவிலிலிருந்து சின்ன வண்டியில், அதாவது ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும் மீட்டர்கேஜில், மெட்ராஸ் போனதாகச் சொன்னார். மூன்று கூட்டம் விவாதம். திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918இல், மீட்டர்கேஜில். அங்கிருந்து இங்கே வர 1979 ஆனது. 61 வருஷம்! இன்றைக்கு வண்டி அரை மணி தாமதமானால் பிளாட்பாரத்தில் எரிந்து விழுகிறோம். அதுவரை நம்மூர்க்காரர்கள் பஸ் பிடித்துத் திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ போய்த்தான் ரயிலேறினார்கள். அதற்குள், 1976லேயே, திருவனந்தபுரம் வரை அகலப்பாதை ஆகிவிட்டிருந்தது. அதனால் கன்னியாகுமரிப் பாதையையும், 1981இல் வந்த திருநெல்வேலிப் பாதையையும் ஆரம்பத்திலேயே அகலமாகப் போட்டார்கள். நம் மாவட்டத்தில் மீட்டர்கேஜ் தண்டவாளம் ஒருநாளும் கிடந்ததில்லை.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நம் நூலகத்தில் இருந்த பழைய கால அட்டவணையை எடுத்து விரித்தோம். நாகர்கோவிலிலிருந்து வரும் அகலப்பாதை அன்றைக்குத் திருநெல்வேலியோடு முடிந்தது. வடக்கே போக அங்கே இறங்கி மீட்டர்கேஜ் வண்டிக்கு மாற வேண்டும். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “ஆமாம்டே, திருநெல்வேலியில் இறங்கினோம். தகரப் பெட்டியை அம்மா தலையில் வைத்துக்கொண்டு அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓடினாள். நான் பின்னால் அழுதுகொண்டே ஓடினேன்” என்றார். அவருக்கு மறந்துபோனது ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி வந்த முதல் பாதிப் பயணம்தான். இந்த வருஷம் நோட்டில் வலது பக்கம் முழுதாக நிறைந்தது அந்த ஒரு பதிவுக்கு மட்டும்.

நிர்வாகிகள் தேர்தல் அடுத்த கூட்டத்தில். செயலாளர் பதவிக்கு யாராவது முன்வந்தால் நான் மறுக்கப்போவதில்லை.

அந்தப் பழைய ரயில் கால அட்டவணை அக்டோபர் முதல் நூலக அலமாரியில் இல்லை. எடுத்தவர் யாரென்று தெரியும், பெயர் சொல்லவில்லை. அதைப் பார்த்து இன்றைக்கு யாரும் வண்டி பிடிக்கப்போவதில்லை, அதனால் அவசரம் ஒன்றுமில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பேப்பர் துண்டு வைத்திருக்கிறேன். அதை மட்டும் எடுத்துவிடாமல் திருப்பித் தந்தால் போதும்.

இங்ஙனம்,
செயலாளர்
நாகர்கோவில்