மாலதிக்கு, அங்கோர் பயணத்தைப் பற்றி

பட்டர்வொர்த்

அன்புள்ள மகள் மாலதிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலந்தானே? ஆண்டிறுதி விடுமுறையில் யாழினியையும் அகிலனையும் கம்போடியாவுக்கு அழைத்துப் போகப்போவதாக நீ எழுதியதையும், கூடவே அனுப்பியிருந்த பயணத் திட்டத்தையும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் இடிந்த கோயில்களில் என்ன புரியும், வளர்ந்த பிறகு போகலாமே என்று உன் மாமியார் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. (இதை அவரிடம் சொல்லி வைக்காதே.) இப்போதே போய் வாருங்கள். ஆனால், மாப்பிள்ளை போட்டிருக்கும் திட்டத்தில் பாதிக்கு மேல் அடித்துவிட வேண்டும். மூன்று நாளில் பதினொரு கோயில் என்பது எங்களைப் போன்றவர்களுக்கே தாங்காது. அகிலனுக்கு எப்படித் தாங்கும்?

நாங்கள் ஆலயக் குழுவோடு அங்கே போனபோது ஒரு தம்பதியர் தங்கள் ஐந்து வயதுப் பையனையும் அழைத்து வந்திருந்தார்கள். காலையில் அங்கோர் வாட்டில் அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த அசுரர்களை ஒவ்வொருவராக எண்ணினான். இருபதைத் தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிப்போக, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். அதே பையன் நண்பகலில், மூன்றாவது கோயிலில், தலையை நிமிர்த்தவே மறுத்துவிட்டான். பெரியவர்கள் எல்லாரும் அந்தப் பாயோன் கோயிலின் கல்முகங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவன் படிக்கட்டின் நிழலில் உட்கார்ந்து எறும்பு வரிசைக்குக் குச்சியால் வழி மறித்துக்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கோயில், அந்தக் கோயிலில் ஒரு கதை, பதினொரு மணிக்குள் விடுதிக்குத் திரும்பி நீச்சல் குளம் என்று வைத்துக்கொண்டால் போதும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது.

முதல் நாளுக்கு அங்கோர் வாட். காலை ஐந்து மணிக்கே போய்க் குளக்கரையில் நின்று சூரியோதயம் பார்ப்பது என்று திட்டத்தில் முதல் வரியிலேயே இருக்கிறது; அதை விட்டுவிடுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூட்டத்தில் முண்டியடிப்பதில் யாருக்கும் நிறைவு இருக்காது. அந்தக் கோயில் மேற்கு நோக்கியது. ஆதலால் எல்லாரும் மேற்கு வாயிலிலேயே குவிகிறார்கள். நீங்கள் ஏழு மணிவாக்கில் கிழக்குப் பக்கத்து மண்பாதை வழியாகப் போகச் சொல்லி துக்-துக் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மரநிழலில் நடந்து உள்ளே போனால், கிழக்குத் திருச்சுற்றின் தென்பாதியில் பாற்கடல் கடையும் காட்சி, ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரில் இருக்கும். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், அவருக்குக் கீழே ஆமை. யாழினிக்கு எண்ணிக்கை தெரியும். அவளிடம் தேவர்களைக் கொடுத்துவிடு. அகிலனுக்கு அடிவரிசையில் இருக்கும் கடல் பிராணிகளைக் காட்டு. மீனும் முதலையும் ஓரங்களில் முழு உருவத்தோடு நீந்துகின்றன. மத்துக்கு அருகில் வர வர, சுழலில் அகப்பட்டுத் துண்டுதுண்டாகிப் போகின்றன. சிற்பி அந்த அளவுக்கு யோசித்துச் செதுக்கியிருக்கிறான்.

அதோடு அன்றைய கோயில் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோபுரத்தின் மேல்தளத்துக்கு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏறவிட மாட்டார்கள். படிகளின் செங்குத்தைப் பார்த்தால் அது நியாயந்தான் என்று உனக்கே தோன்றும். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை அகிலன் தானாகவே ஏறினான் என்ற பெருமையெல்லாம் அங்கே செல்லாது. ஏற விரும்பினால் நீயும் மாப்பிள்ளையும் முறைவைத்துப் போய் வரலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இன்னொன்று, அங்கே குரங்குகள் உண்டு. பினாங்குத் தாவரவியல் பூங்காவில் பழகிய பிள்ளைகள்தாம் என்றாலும், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு நடக்கவிடாதே.

இரண்டாம் நாளுக்கு பந்தியாய் ஸ்ரீ. முக்கியக் கோயில் தொகுதியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் மாப்பிள்ளை அதைக் கடைசியில், ‘நேரமிருந்தால்’ என்று போட்டிருக்கிறார். என்னைக் கேட்டால், சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் எதை விட்டாலும் இதை விடக்கூடாது. கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில் இது. கட்டியவர் அரசர் அல்லர், யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். எல்லாமே சிறிய அளவு. கருவறை வாசல்கள் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரந்தான். அகிலனின் உயரத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். இளஞ்சிவப்பு மணற்கல்லில், தச்சன் மரத்தில் செதுக்கியது போல இலையும் கொடியும் ஓடுகின்றன. இராவணன் கயிலையை அசைக்கும் காட்சி அங்கே இருக்கிறது. கதை தெரிந்த பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

எனக்கு அந்தக் கோயிலில் மனம் ஒட்டிக்கொண்டது வேறோர் இடத்தில். ஒரு வாயில் முகப்பின் முக்கோணப் பரப்பில் சிவபெருமான் ஆடுகிறார். அவர் காலடியில், ஓர் ஓரத்தில், வற்றிய மார்பும் எலும்பெடுத்த உடம்புமாக ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். காரைக்காலில் வணிகன் வீட்டில் மாங்கனி பரிமாறிய பெண், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து கம்போடியாவின் கெமர் சிற்பியின் உளிக்கு எட்டியிருக்கிறாள் என்பதை நினைத்தபடி அங்கே நெடுநேரம் நின்றேன். வழிகாட்டி வந்து கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன். நீங்கள் புறப்படுவதற்கு முன் அம்மா தொலைபேசியில் பிள்ளைகளுக்கு அந்த மாங்கனிக் கதையைச் சொல்லிவிடுவாள். அங்கே போனதும் எங்கே இருக்கிறாள் என்று நீ காட்டாதே. ‘பேயுருவில் ஒரு பாட்டி இருக்கிறாளாம், கண்டுபிடியுங்கள்’ என்று மட்டும் சொல்.

அதே கோயிலில் மாப்பிள்ளைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற இளைஞர் பிரான்சிலிருந்து வந்து, அங்கிருந்த சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போகும் வழியில் பிடிபட்டார். அவரே பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராகி, பிரான்சின் பண்பாட்டு அமைச்சரும் ஆனார்.

மூன்றாம் நாள் தா புரோம் போதும். அங்கோர் வாட்டை எடுப்பித்த இரண்டாம் சூரியவர்மனுக்குப் பின் வந்த ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186-இல் எடுப்பித்தது. மரவேர்கள் சுவரைக் கவ்விக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பாயோனைப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

இனி, கொஞ்சம் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தாத்தா, நம்ம சோழ ராஜா கட்டின கோயிலுக்குப் போகிறோம்’ என்று யாழினி தொலைபேசியில் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. அங்கோர் வாட்டை 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன்; கூலன் மலையில் கல்லை வெட்டி, நீர்வழியாகக் கொண்டுவந்து அடுக்கியவர்கள் அந்த மண்ணின் மக்கள். கதைகள் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவைதாம், ஆனால் அவர்கள் அவற்றைத் தங்கள் விருப்பம்போலச் சொல்லிக்கொண்டார்கள். பாற்கடல் காட்சியில் வாசுகியின் வால் பக்கம் போய்ப் பார். நாம் கேட்ட கதையில் இல்லாத ஒரு பெரிய குரங்கு அங்கே வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். பிறர் வீட்டுக்கு விருந்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது யார் வீடு என்று சொல்லித்தானே அனுப்ப வேண்டும்?

சோழர் பெயரைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமென்று மாப்பிள்ளை ஆசைப்பட்டால், அதற்கு ஏற்ற இடம் இங்கே கெடாவில், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. 1025-இல் இராசேந்திரன் கப்பற்படை அனுப்பி வென்ற கடாரம் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்வது இந்தப் பகுதியைத்தான். கம்போடியாவுக்குப் போகுமுன் ஒரு வார இறுதியில் இங்கே வாருங்கள். சுங்கை பட்டாணி வழியாக மெர்போக் போய், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு நானே அழைத்துப் போகிறேன். புக்கிட் பத்து பஹாட் சண்டி (பழங்கோயிலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), அங்கே ஓடைக்கு மேலே மேட்டில் இருக்கிறது. கோபுரம் கிடையாது, கருங்கல் அடித்தளமும், முன்மண்டபத்தில் மரத்தூண்கள் நின்ற கல் ஆதாரங்களுந்தான் மிச்சம். தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1930-களில் தோண்டி வெளிப்படுத்தியதை, பின்னர் அலஸ்டர் லாம்ப் சீரமைத்தார். அடித்தளத்தில் புதைத்து வைத்திருந்த கருங்கற் பேழைகளும் அப்போது கிடைத்தன. கோயில் எழுப்புமுன் பொன்னும் மணியும் இட்டு மூடும் வழக்கம் இங்கும் இருந்திருக்கிறது.

பார்ப்பதற்கு அதிகம் இல்லாத இடம் என்பதே பிள்ளைகளுக்கு நல்லது. தூண் நின்ற இடங்களில் உங்கள் நால்வரையும் நிற்க வைத்து, கூரை எங்கே இருந்திருக்கும், வாசல் எந்தப் பக்கம் என்று கேட்கலாம். இடிந்த கட்டடத்தை மனத்தில் கட்டிப் பார்க்கும் பழக்கம் இங்கே வந்துவிட்டால், அங்கோரில் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள். 2013-இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இப்பள்ளத்தாக்கில் ஒரு சண்டி இடிக்கப்பட்டதையும் யாழினியிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கேட்டால் கோபப்படுவாள், படட்டும்.

மற்றவை சில்லறை விவரங்கள். மூன்று நாள் நுழைவுச்சீட்டு ஒருவருக்கு 62 டாலர். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம் என்பதால் நடுவே ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை, வயதைக் காட்டக் கடப்பிதழ் கையில் இருக்க வேண்டும். கிழிந்த டாலர் தாள்களை அங்கே வாங்கமாட்டார்கள். கொசுவிரட்டியை மறக்காதே. கோயில் வாசல்களில் யாழினி வயதுப் பிள்ளைகள் அஞ்சலட்டை விற்க வருவார்கள். அவர்களிடம் வாங்காதே, அந்தப் பணம் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பாது. அக்கம்பக்கத்தில் கடை வைத்திருக்கும் பெரியவர்களிடம் இளநீர் வாங்கிக் குடியுங்கள்.

மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் அகிலனின் கடப்பிதழ் அவன் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது. ஐந்தாண்டுக் கெடு முடியும் காலம் நெருங்கியிருக்கும். ஆறு மாதமாவது மீதமிருக்கிறதா என்று, விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுமுன் எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா