பின்ஸ்பரி நூலுக்கு இன்னும் 640 பவுண்டு வேண்டும்

இலண்டன் வாழ் உறவுகள் அனைவருக்கும் நூல் குழுவின் வணக்கம். இலண்டனின் பின்ஸ்பரி சென்ட்ரல் நாடாளுமன்றத் தொகுதியையும் அங்கே வென்ற இந்தியத் தலைவர் தாதாபாய் நௌரோஜியையும் பற்றித் தமிழில் ஒரு நூல் கொண்டுவருகிறோம்.

இப்போது இல்லாத ஒரு தொகுதிக்குத் தமிழில் புத்தகம் எதற்கு என்று நம் தமிழ்ப் பள்ளி வாசலிலேயே சிலர் கேட்கிறார்கள். சரி, சொல்லிவிடுகிறோம்.

பின்ஸ்பரி சென்ட்ரல் 1885-இல் உருவாகி 1918-இல் ஒழிந்த தொகுதி. கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன கிளார்க்கன்வெல் அதில்தான் இருந்தது. 1886-இல் ஹோல்பர்ன் தொகுதியில் தோற்ற தாதாபாய் நௌரோஜியைப் பற்றி, ஒரு கறுப்பரை ஆங்கிலேயர் தேர்ந்தெடுப்பார்களா என்று பிரதமர் சாலிஸ்பரி பிரபுவே 1888-இல் மேடையில் இளக்காரமாகப் பேசினார். 1892-இல் பின்ஸ்பரிக்காரர்கள் தேர்ந்தெடுத்துக் காட்டினார்கள். வித்தியாசம் 5 வாக்கு! அந்தப் பார்சிப் பெரியவர் 66 வயதில் தம் அவெஸ்தா மறையைக் கையில் வைத்து உறுதிமொழி எடுத்தார். இந்தியாவை ஆளும் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று அவர் வலியுறுத்திவந்தார்; அதற்கான தீர்மானம் 1893-இல் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. கருத்துக் கேட்டபோது மாகாண அரசுகளில் சென்னை மட்டுமே ஆதரித்தது. பிறகு அதைக் கிடப்பில் போட்டார்கள். 1895-இல் அவர் தோற்றார். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

இனிக் கணக்கு. 500 பிரதிக்கு அச்சுக்கூலி 1,850 பவுண்டு. வந்தது 1,210. நௌரோஜி பிறந்த செப்டம்பர் 4 அன்று நூல் வெளிவர, ஆகஸ்ட் 10-க்குள் மீதியைக் கட்ட வேண்டும். கடன் சொல்லிப் பார்த்தோம், அச்சகக்காரர் சிரித்துவிட்டார்.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். ஓய்வூதியத்திலிருந்து 100 பவுண்டு எடுத்துத் தந்த ஆசிரியையம்மா, பொங்கல் விழாவில் வடை சுட்டு விற்று 212 பவுண்டு சேர்த்த தாய்மார், கடையில் உண்டியல் வைத்த அண்ணர், பிறந்தநாள் காசைக் கொண்டுவந்து நீட்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி. நூலின் முதல் பக்கத்தில் உங்கள் பெயர்கள்தான்.

பெயர் கொடுத்துவிட்டு இன்னும் பணம் தராதவர்கள் 14 பேர். பெயர்களை இப்போதைக்கு வெளியிடவில்லை. பிள்ளைகளே கொடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். கோயில் உண்டியலில் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம்; ஆனால் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய வேலை இதுவும்தான், பாதியில் நிற்கக் கூடாது. 128 பேர் ஆளுக்கு 5 பவுண்டு தந்தாலே முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலை பள்ளி அலுவலகத்தில் பணம் கட்டி, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகம் மேசையிலேயே இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம்.