அனாமத்தில் கிடக்கும் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவகோட்டையில் ஒரு மில் ஆபீஸில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். நியூஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் போன மாதம் ஒரு மின்னஞ்சலைக் காட்டிச் சிரித்தாள். எப்போதோ அவள் வாங்கிய சாமானுக்காக அங்கே யாரோ, வாங்கிய எல்லோர் சார்பிலும் சேர்த்துக் கூட்டு வழக்குப் போட, கம்பெனி சமரசத்துக்கு இறங்கி வந்துவிட்டதாம். படிவம் நிரப்பினால் அவள் பங்கு பதினோரு டாலர். "பதினோரு டாலருக்கு யார் அப்பச்சி உட்கார்ந்து நிரப்புறது?" என்று சொல்லி அழித்துவிட்டாள். கணக்குப்பிள்ளை புத்தி எனக்கு. "நீ வாங்காத பதினோரு டாலர் யார் கணக்கில் ஏறும்?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படி அறிவிப்பு போகிறவர்களில் நடுவாகப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் படிவம் போடுகிறார்கள். வாங்காமல் மிஞ்சும் பணம் சில வழக்குகளில் கம்பெனிக்கே திரும்பும், சிலவற்றில் படிவம் போட்டவர்களுக்கே மறுபடி பிரித்துத் தரப்படும், சில நேரம் அரசு கஜானாவுக்குப் போகும். இன்னொரு வழிக்கு 'சை ப்ரே' என்று பேர். பழைய பிரெஞ்சுச் சொல், 'முடிந்தவரை கிட்டத்தில்' என்று அர்த்தமாம். உரியவரிடம் சேர்க்க முடியாத பணத்தை, அந்த விஷயத்துக்குக் கிட்டத்தில் உள்ள ஒரு பொதுக்காரியத்துக்குக் கொடுப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூகுள் மேல் நடந்த ஒரு வழக்கில் சமரசத் தொகையான 85 லட்சம் டாலரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு காசு கிடையாது. வக்கீல் கூலி போக மீதி சில நிறுவனங்களுக்கு என்று எழுதினார்கள். அவற்றில் சில, அந்த வக்கீல்களே படித்த பல்கலைக்கழகங்கள்! அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் இது சரியா தப்பா என்று சொல்லாமலே வழக்கைக் கீழே திருப்பி அனுப்பிவிட்டது.

எங்கள் பக்கம் மகமை என்று ஒன்று உண்டு. வியாபாரி தன் பணத்திலிருந்து கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைப்பது. அடுத்தவன் பணத்தில் மகமை எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பர்மாவில் ஒரு கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக இருந்த என் அப்பச்சி, ஆள் தெரியாத வரவை 'அனாமத்து' என்று எழுதுவார். ஆள் வரும்வரை அது அனாமத்துதான், லாபத்தில் சேராது.

இதை அமெரிக்கக் கதை என்று தள்ளவும் முடியவில்லை. சகாரா என்ற வியாபாரக் குழுமத்தில் முதலீடு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி 2012-இல் நம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜூலை 2-க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபி விளம்பரம் செய்தது. 2023 மார்ச் வரை 17,526 விண்ணப்பங்களுக்குச் சுமார் 138 கோடிதான் போயிருந்தது. வங்கியில் கிடந்ததோ 25,000 கோடிக்கு மேல். அதில் 5,000 கோடியை அதே குழுமத்தின் கூட்டுறவுச் சங்கங்களில் பணம் போட்டவர்களுக்குக் கொடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. அவர்களும் ஏமாந்தவர்கள்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பட்டியலில் இருந்தவர்களை ஊர் ஊராகத் தேடினார்களா என்பதுதான் என் கேள்வி.

என் மாமியார் 1996-இல் இங்கே ஒரு நிதி நிறுவனத்தில் 15,000 ரூபாய் போட்டார். இரண்டே வருடத்தில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பல வருடம் கழித்துச் சொத்தை ஏலம் விட்டுப் பணம் பிரித்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பு ஏதோ ஒரு ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்ததாம். எங்களுக்குத் தெரிந்தது தேதி முடிந்து நாலு மாதம் கழித்து, அதுவும் பால்காரர் சொல்லி. அசல் ரசீது இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. மாமியார்தான் இல்லை.

வைப்புத்தொகை போட்டவரின் ஊர், தெரு எல்லாம் அந்த நிறுவனத்தின் பேரேட்டிலேயே இருக்கும். அந்தந்த ஊர்ப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்ட என்ன செலவாகும்? கிராம சபையில் ஒருமுறை வாசித்தாலே பாதிப் பேருக்குத் தகவல் போய்விடும். அப்படித் தேடி, அதற்கும் வராதவர் பணத்தை நுகர்வோர் நல நிதிக்கோ வேறெதற்கோ கொடுங்கள், சரி. மாவட்ட நிர்வாகம் பட்டியலைத் தந்தால் தங்கள் நாளிதழின் சிவகங்கை பக்கத்தில் வாரம் ஓர் ஊராக வெளியிட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் கணக்கர்,
தேவகோட்டை