ஓடைப்பாலம் இணைப்பு வேலை: திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியோர்களுக்கும் வரி கட்டிய அத்தனை குடும்பத்தாருக்கும் குழுவின் வணக்கம்.

காவேரிப்பட்டினம் சாலையிலிருந்து கோயிலுக்குத் திரும்பும் ஓடைப்பாலத்தில் இணைப்பு வேலை முடிந்தது. இணைப்பு என்பது, வெயிலில் கான்கிரீட் நீள்வதற்காகப் பாலத்தின் மேல்தளத்தில் குறுக்கே விட்டிருக்கும் இடைவெளி. வரவு செலவு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது. "அந்த இடைவெளியைத் தார் ஊற்றி மூடினால் போதாதா?" என்று கூட்டத்தில் கேட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

போன முறை தார் ஊற்றி மூடியதும் நாம்தான். அடுத்த ஆடி வருவதற்குள் அதே இடத்தில் குறுக்கே கோடு விழுந்தது. இம்முறை இடைவெளியை மூடியிருந்த இரும்புத் தகட்டைப் பெயர்த்துப் பார்த்தால், இடைவெளி முழுக்க ஜல்லியும் மண்ணும் இறுகிக் கிடந்தன. வெயிலில் நீள இடமில்லாமல் ஸ்லாப் (மேல்தளக் கான்கிரீட்) அந்தக் கல்லில் முட்டி, ஓரக் கான்கிரீட் கையளவு உதிர்ந்திருந்தது. கீழே தூணின் தலையில் தண்ணீர் இறங்கிய கறை, கம்பியில் துரு.

நம் பாலத்துக்கு இரண்டு கண் (தாங்கல்களுக்கு இடைப்பட்ட பகுதி), ஒவ்வொன்றும் 9 மீட்டர். வெப்பம் 30 டிகிரி ஏறி இறங்கினாலும் அந்த நீளக் கான்கிரீட் 3 மி.மீ. சொச்சம்தான் அசையும். இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கிய தடிமன், அவ்வளவே. 80 மி.மீ. அசைவு வரை தாங்கும் ஸ்ட்ரிப் சீலை (இரும்பு விளிம்புகளில் மாட்டும் ரப்பர் பட்டையை) ஒருவர் விலைப்புள்ளியில் எழுதியிருந்தார். பெரிய மேம்பாலத்துக்கு அது சரி, நமக்கு வீண் செலவு. சின்னப் பாலத்தில் அசைவைவிடத் தண்ணீரும் சக்கரமும்தான் தொல்லை.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, சூடான தார்க் கலவையும் ஜல்லியும் நிரப்பும் ஆஸ்பால்டிக் பிளக். 25 மி.மீ. வரை தாங்கும், மேலே மேடு பள்ளம் இருக்காது. ஆனால் வெயிலில் இளகி, பாரம் நிற்கிற இடத்தில் குழி விழும். மாங்காய் சீசனில் லாரிகள் திருப்பத்துக்காகப் பாலத்தின் மேலேயே நிற்கின்றன. மண்டகப்படிக்குத் தேரும் அங்கேதான் நிற்கிறது. அதனால் இரண்டாவது வழியான, 40 மி.மீ. வரை தாங்கும் கம்ப்ரெஷன் சீல் (இடைவெளிக்குள் அழுத்தி இறக்கும் ரப்பர் அடைப்பு) என்று முடிவு செய்தோம்.

உடைந்த ஓரங்களை வெட்டி எடுத்து, எபாக்ஸி (கெட்டியாக இறுகும் பிசின்) கலவையில் புது ஓரம் கட்டினோம். போக்குவரத்துக்காகப் பாதிப் பாதியாக. அப்புறம் ஒரு விடியற்காலையில் ரப்பரை நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக இறக்கி, கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மேலே மடக்கிவிட்டோம். மார்கழிக் குளிரில் இடைவெளி அகன்றாலும் அது அழுந்தியே இருக்கும்படி அளவெடுத்தது. சாலை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதால் சக்கரம் அதில் படாது. "பள்ளமாக இருக்கிறதே" என்று யாரும் நிரப்பிவிட வேண்டாம்.

பழைய தகடுகள் ஆறில் ஐந்துதான் காயலான் கடைக்குப் போயின. ஆறாவதை எடுத்துப் போனவர் திருப்பித் தர வேண்டாம். எடைக்கான தொகையைப் பொருளாளரிடம் கட்டினால் போதும்.