கை இன்னும் ஐசியைத் தேடுது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ கோல் எடுத்துக் கதைச்சாப் பிறகு எனக்கு நித்திரை வரேல்ல. வாய்ஸ் மெசேஜ் போடுவம் எண்டு ரெண்டு மூண்டு தரம் போனைத் தூக்கினன், பேந்து வைச்சிட்டன், இது பேசி முடிக்கிற விஷயமில்ல, எழுதினாத்தான் நீ ஆறுதலா இருந்து திரும்ப ஒருக்கா வாசிப்பாய். அதால டைப் பண்ணுறன், பிழை இருந்தா சரியா வாசிச்சுக்கொள்ளு.

நீ சொன்ன அந்த வசனம்தான் என்னைப் போட்டு அரிக்குது. சின்னவன்ர கையால கிளாஸ் நழுவி விழுந்து உடைஞ்சது, நீ கத்தினாய், கத்தி முடியேக்கத்தான் உனக்கு விளங்கினது அது அப்பான்ர குரல் எண்டு, அதே சொல்லு, அதே இழுவை. "நான் அப்பாதான் அம்மா, நான் இப்பிடித்தான், இனி எங்க மாறப்போறன்" எண்டு சொல்லிப்போட்டு போனை வைச்சிட்டாய்.

நீ அப்பா இல்ல ராசா. பெத்தவள் எண்ட ஆறுதலுக்கு இதைச் சொல்லேல்ல, நான் கண்டதுகளையும் என்ர உடம்பில நடந்ததையும் வைச்சுத்தான் சொல்லுறன்.

நான் கிண்ணியாப் பக்கம் வேலைக்குப் போன காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். விடிய நாலரைக்கு எழும்பி, உங்களுக்குச் சமைச்சு மூடி வைச்சிட்டு, பஸ் பிடிச்சு, சீனன்குடாப் பக்கம் செக்பொயின்டில இறங்கி நடந்து, திரும்ப ஏறி, அதுக்குப் பிறகு பாதை. (உன்ர மகனுக்குப் பாதை எண்டா றோட்டு எண்டுதான் விளங்கும், ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக்கொண்டு தண்ணியைக் கடக்கிற இரும்புத் தெப்பத்தை நாங்கள் பாதை எண்டுதான் சொல்லுறது எண்டு அவனுக்குச் சொல்லிக் குடு.) பாதை அங்கால கரையில நிண்டா இஞ்சால வருமட்டும் வெயிலுக்க காத்துக்கொண்டு நிக்கோணும். 2009 ஒக்டோபரில பாலம் திறந்தாங்கள், 396 மீட்டர், நடந்தே போயிடலாம். ஆனா பாலம் வந்து மாசக்கணக்காகியும் நான் நாலரைக்குத்தான் எழும்பினன். எல்லா வேலையும் முடிச்சு, ஆரோ துரத்துற மாதிரி ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில நிண்டா நேரம் நிறையக் கிடக்கும். நேரம் கிடக்கெண்டு மண்டைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிசு இந்த ஐசி, அடையாள அட்டைக் கதை. எத்தினை வருஷம் ஐசியைக் கையில வைச்சுக்கொண்டு வரிசையில நிண்டிருப்பம். பழைய ஐசி நம்பரை எடுத்துப் பார், முதல் ரெண்டு இலக்கமும் பிறந்த வருஷம், அடுத்த மூண்டும் வருஷத்தில எத்தினையாவது நாளில பிறந்தது எண்ட கணக்கு, பொம்பிளையள் எண்டா அந்தக் கணக்கோட 500 கூட்டியிருக்கும். அந்த நம்பரைக் காட்டித்தான் நான் ஆர் எண்டு ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஒருக்கா ஒரு பெடியன், உடுப்புப் போட்டா அவனும் ஆமிதான் ஆனா மீசை கூட வடிவா முளைக்கேல்ல, ஐசியில இருந்த படத்தைப் பாக்கிறான் என்னைப் பாக்கிறான், பாக்கிறான் பாக்கிறான், விடுறான் இல்ல. அந்தப் படத்தில இருக்கிறவளுக்கு இருபது வயசு, எனக்கு அப்ப நாப்பது தாண்டியிட்டுது, மெலிஞ்சு கறுத்து முன்னுக்கு நரையும் விழுந்திட்டுது. எனக்கே ஒரு நிமிஷம் இது நானோ எண்டு வந்திட்டுது. முகம் அதில்ல, மயிர் அதில்ல, அந்தப் பிள்ளை ஆசைப்பட்டதில ஒண்டும் இப்ப எனக்கு ஆசையில்ல, அவள் பயப்பட்டதுக்கு நான் பயமில்ல. அப்ப எதை வைச்சு அவளும் நானும் ஒராள் எண்டு நான் சொல்லுறன்? அண்டைக்கு அந்த வெயிலுக்க வந்த கேள்வி இண்டைக்கும் என்னை விட்டுப் போகேல்ல.

சண்டை முடிஞ்சு, செக்பொயின்ட் எல்லாம் எடுத்து, அந்த இடத்தில புல்லும் முளைச்சிட்டுது. பஸ் அந்த இடத்துக்குக் கிட்ட வரேக்க என்ர கை தன்ர பாட்டில ஹாண்ட்பாக்கைத் திறந்து ஐசியை எடுக்கும். நான் பக்கத்து ஆளோட கதைச்சுக்கொண்டுதான் இருப்பன், கதை நிக்காது, கை தன்ர வேலையைச் செய்யும். ஒரு நாள் பக்கத்தில இருந்த பிள்ளை, கம்பஸில படிக்கிற பிள்ளை போல, "ஏன் அன்டி ஐசி எடுக்கிறீங்கள்" எண்டு கேட்டாள். அப்பதான் நானே குனிஞ்சு பாக்கிறன்.

இதை எழுதேக்க நான் நேர்ஸா நிண்ட வாட்டில இருந்த ஒரு தம்பியைச் சொல்லாமல் விடேலாது. மிதிவெடியில முழங்காலுக்குக் கீழ போனது. ராத்திரியில கூப்பிடுவான், "மிஸ்ஸி, அந்தப் பெருவிரல் மடங்கிப்போய்க் கிடக்கு, ஒருக்கா நிமித்தி விடுங்கோ" எண்டு. நான் அப்ப வேலைக்கு வந்து கனகாலமில்ல, போர்வையைத் தூக்கிக் காட்டி "பாரும், கால் இல்லையே, இல்லாத கால் எப்பிடி நோகும்" எண்டு சொன்னன். அவன் ஒண்டும் பேசேல்ல, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டான். எத்தினை வருஷமாகியும் அந்த முதுகு எனக்குத் தெரியுது. பிறகுதான் படிச்சன், கால் போனாலும் மூளைக்குள்ள அந்தக் காலுக்கெண்டு இருக்கிற இடம் போகிறேல்ல, அது காலைத் தேடிக்கொண்டே இருக்கும், கையோ காலோ இழந்த ஆக்களில பெரும்பாலானவைக்கு இது வரும். அமெரிக்காவில 1860களில நடந்த உள்நாட்டுச் சண்டையில காயப்பட்டவையைப் பாத்த சைலஸ் வீர் மிச்செல் எண்ட டொக்டர் இதைப் பேய் உறுப்பு எண்டு பேர் சொல்லி எழுதியிருக்கிறார். பேந்து 1990களில, சென்னையில டொக்டருக்குப் படிச்ச எங்கட தமிழ் ஆள், வி. எஸ். ராமச்சந்திரன், ஒரு பெட்டிக்கு நடுவில முகம் பாக்கிற கண்ணாடியை வைச்சு, இருக்கிற கையை ஒரு பக்கம் விடச் சொன்னார், கண்ணாடிக்குள்ள பாத்தா போன கை திரும்ப இருக்கிற மாதிரித் தெரியும். இருக்கிற கையை விரிக்கச் சொன்னார், வருஷக்கணக்காப் பொத்திப் பிடிச்சு நொந்துகொண்டிருந்த அந்த இல்லாத கை விரிஞ்சுதாம் சில பேருக்கு. எல்லாருக்கும் சரிவாறேல்ல. ஆனா நான் செய்த பிழை எனக்கு விளங்கிட்டுது. இல்லை இல்லை எண்டு சொன்னா அந்த நோ போகாது, பாக்க வைக்கோணும்.

இப்ப அப்பாக்கு வாறன்.

அப்பா ஏன் அப்பிடிக் கத்தினவர் எண்டு நான் உங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்ல, அது என்ர பிழை, நீங்கள் சின்னப் பிள்ளையள் எண்டு விட்டன், பேந்து பெரிசாகியும் விட்டன். 90ஆம் ஆண்டு ஜூனில திரும்பச் சண்டை தொடங்கேக்க உனக்கு ஆறு வயசு, தங்கச்சி கைக்குழந்தை. ராத்திரியில விளக்கை நூத்துப்போட்டு எல்லாரும் பின் அறையில தரையில கிடப்பம், வெளியில ஆர் நடந்து போகினம் எண்டு தெரியாது. ஒரு ராத்திரி நீ தண்ணிக்கு எழும்பி அலுமினியச் செம்பைத் தட்டி விழுத்திப்போட்டாய், சீமெந்துத் தரையில அது உருண்ட சத்தம் இருக்கே தம்பி, அது நிக்குமட்டும் அப்பா உன்னைத் தனக்குக் கீழ போட்டு மூடிக்கொண்டு கிடந்தவர். வேர்வையில அவற்ற முதுகு தோய்ஞ்சு போச்சுது. ஒண்டும் நடக்கேல்ல, விடிஞ்சிட்டுது. ஆனா அண்டைக்குப் பிறகு வீட்டில ஒரு கரண்டி விழுந்தாலும் அந்த மனுசன் பாய்ஞ்சு வருவார். அதுக்கு முதல் அவர் அப்பிடி இல்ல, கலியாணம் கட்டின புதிசில நான் ரெண்டு பூக்கோப்பை உடைச்சனான், சிரிச்சுக்கொண்டு கூட்டி அள்ளினவர்.

அவர் உங்களை அடக்கினது சரி எண்டு நான் சொல்ல வரேல்ல. சண்டை போன பிறகும், நீங்கள் வளந்த பிறகும் அவர் கத்தினார், நீ அவருக்குப் பயந்து ஒளிச்சிருந்து சாப்பிட்டது எனக்குத் தெரியும், நான் குறுக்க வந்து நிண்டிருக்கோணும், நிக்கேல்ல. அதுக்கு நான் உன்னட்ட மன்னிப்புக் கேக்கிறன். ஆனா அந்தக் கத்தலுக்குள்ள இருந்தது கோவமில்ல, செம்பு உருண்ட சத்தம். ஆபத்து போயிட்டுது, கத்தல் மட்டும் நிண்டிட்டுது. என்ர கை ஐசியைத் தேடின மாதிரித்தான். அதைத்தான் நீ கனடாவில, ஸ்கார்பரோவில, பயப்பட ஒண்டுமே இல்லாத ஒரு குசினியில நிண்டுகொண்டு கத்தியிருக்கிறாய்.

அதை நீ தேவாரம் போல இருந்து பாடமாக்கேல்ல, கேட்டுக் கேட்டு உடம்பு பழகினது. அமெரிக்காவில ஹென்றி மொலெய்சன் எண்டு ஒராள் இருந்தவர், வலிப்பு நிக்கோணும் எண்டு 1953இல மூளையில ஒப்பரேஷன் செய்து ஹிப்போகாம்பஸ் எண்ட பகுதியை எடுத்திட்டினம், அதுக்குப் பிறகு புதிசா ஒண்டும் மனசில நிக்காது, இப்ப கண்ட ஆளை கொஞ்ச நேரத்தில தெரியாது. அவருக்குக் கண்ணாடியில பாத்து நட்சத்திரம் கீறப் பழக்கினவை, தலைகீழாத் தெரியும், கஷ்டம். ஒவ்வொரு நாளும் இதை முந்திச் செய்ததே இல்லை எண்டுதான் சொல்லுவார், ஆனா ஒவ்வொரு நாளும் கை முதல் நாளைவிட வடிவாக் கீறும். ஆள் மறந்திட்டுது, கை மறக்கேல்ல. அறிஞ்சு வைச்சிருக்கிறது வேற இடம், பழகி வைச்சிருக்கிறது வேற இடம். அதாலதான் "இனிக் கத்தமாட்டன்" எண்டு எத்தினை தரம் முடிவெடுத்தாலும் வாய் கேக்கிறேல்ல, நீ முடிவெடுக்கிறது ஒரு இடத்தில, கத்தல் கிடக்கிறது இன்னொரு இடத்தில.

அப்ப நீ ஆர்? இதைத்தான் நான் முழு ராத்திரியும் யோசிச்சனான்.

சின்னனில கோயிலில சைவ வகுப்பு எடுத்த ஐயா ஒரு விஷயம் சொல்லித் தந்தவர், மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில சொன்னது. என்ர கை, என்ர கால், என்ர உடம்பு எண்டு சொல்லுறம் தானே, அப்ப என்ர எண்டு சொல்லுற ஆள் அந்தக் கையும் இல்ல, காலும் இல்ல, அதை உடையவன் வேற. எனக்கு அப்ப அது பரீட்சைக்குப் பாடமாக்கிற ஒண்டு, அவ்வளவுதான். இன்னொண்டும் சொன்னவர், உயிர் எதைச் சாருதோ அதின்ர நிறமாய் நிக்கும், பளிங்குக்குப் பக்கத்தில செவ்வரத்தம்பூ வைச்சா பளிங்கு சிவப்பாத் தெரியிற மாதிரி எண்டு. பளிங்கு சிவப்பில்ல தம்பி. நீ சொன்னதையே திருப்பி உன்னட்டக் கேக்கிறன், "அது அப்பான்ர குரல்" எண்டு கேட்டது ஆர்? கத்தினதும் நீ எண்டா, அதைக் கேட்டுத் திடுக்கிட்டது ஆர்? அப்பா கத்தேக்க அவருக்கு அது கேக்கேல்ல. அவர் சாகுமட்டும், 2017 வரைக்கும், ஒருக்காலும் கேக்கேல்ல, நான் பக்கத்தில இருந்து பாத்தனான். உனக்குக் கேட்டிருக்கு. கத்தல் அவரிட்ட இருந்து வந்ததுதான், கேட்ட காது அவரிட்ட இருந்து வரேல்ல.

இதுக்கு என்ன செய்யிறது எண்டு கேப்பாய். யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி "சும்மா இரு" எண்டு சொல்லுவார், அதைக் கேக்கேக்க முந்தி எனக்கு எரிச்சல் வரும், சும்மா இருந்தா இந்த வீட்டு வேலையை ஆர் செய்யிறது எண்டு. பஸ்ஸுக்குள்ளதான் அது எனக்கு விளங்கினது. அந்தப் பிள்ளை கேட்ட நாளில இருந்து முதலில நான் கையை இறுக்கிப் பிடிச்சுப் பாத்தன், பிடிச்சா நெஞ்சு படபடக்கும். பேந்து விட்டிட்டன். கை போகுது, போகட்டும், ஹாண்ட்பாக் ஸிப் திறக்குது, திறக்கட்டும், ஐசியின்ர பிளாஸ்டிக் விரலில படுது. நான் ஏசவும் இல்ல, தடுக்கவும் இல்ல, பாத்துக்கொண்டு மட்டும் இருந்தன். எத்தினை மாசமோ தெரியாது, ஒரு நாள் பாலத்தில ஏறின பிறகுதான் நினைவு வந்தது, சீனன்குடா தாண்டியிட்டுது, கை மடியிலயே கிடக்கு. எனக்குக் கண்ணீர் வந்திட்டுது, பஸ்ஸுக்குள்ள ஆருக்கு என்னெண்டு சொல்லுறது.

ஆனா உனக்கு நான் பொய் சொல்லமாட்டன். 2019இல ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு திரும்ப செக்பொயின்ட் போட்டாங்கள் தானே, முதல் நாளே, பஸ் நிக்க முதலே, கை ஐசியை எடுத்திட்டுது. பத்து வருஷம் எண்டது அதுக்கு ஒரு கணக்கே இல்ல. அதால நீ திரும்பவும் கத்துவாய். கத்தேக்க கேக்கும். பிறகு கத்துறதுக்குச் சரியா முதல் கேக்கும், தொண்டை இறுகிறது தெரியும், அந்த ஒரு செக்கன் கிடைச்சாக் காணும், அந்த இடத்தில நில். நிக்கேலாமப் போனா அவனுக்கு முன்னால குந்தியிருந்து சொல்லு, அப்பாக்கு ஒரு செம்பு விழுந்த சத்தம் கேட்டது, அதுதான் கத்தினன், நீ ஒண்டும் செய்யேல்ல எண்டு. எனக்கு அதைச் சொல்ல ஆளில்லாமப் போச்சுது, உங்கட அப்பாக்கும் சொல்லத் தெரியேல்ல.

தங்கச்சிக்கும் இந்தச் செம்புக் கதையைச் சொல்லு, அவளுக்குத் தெரியாது.

இன்னொண்டு, நீ அண்டைக்கு உன்னைப் பற்றியே சொல்லிப்போட்டு வைச்சிட்டாய், கிளாஸ் உடைஞ்சதில பிள்ளைன்ர காலில ஏதும் குத்தினதோ எண்டு சொல்லேல்ல. வெறுங்காலோட நிண்டவனோ? பாத்து அறிவி.

அம்மா
திருகோணமலை